படிக்கிற பிள்ளைக்கு வீட்டுக் கணக்கு எதற்கு?

கேள்வி: நாங்கள் மன்னார்குடி அருகே ஒரு கிராமத்தில் ஐந்து ஏக்கர் சாகுபடி செய்கிறோம். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மகன் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்து, கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் பொறியியல் முதலாண்டு படிக்கிறான். கைச்செலவுக்குப் போதாமல், எங்களிடம் கேட்கவும் கூச்சப்பட்டுக்கொண்டு, செல்போனில் ஒரு கடன் செயலி வழியாக 5,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறான். கைக்கு வந்தது 3,200. ஏழே நாளில் 5,000 கட்டச் சொன்னார்கள். அதைக் கட்ட இன்னொரு செயலியில் வாங்கி, மிரட்டல் வரத் தொடங்கியதும் காய்ச்சலில் படுத்துவிட்டான். அறையில் உடன் இருக்கும் பையன் போன் செய்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இவளுக்காவது நாலு விஷயம் பழக்குவோம் என்றால், “படிக்கிற பிள்ளையை எதற்கு இதிலெல்லாம் இழுக்கிறாய், படித்தால் எல்லாம் தானாக வந்துவிடும்” என்கிறார் என் கணவர். பள்ளியில் கேட்டால் பாடத்துக்கே நேரம் போதவில்லை என்கிறார்கள். அதிகம் படிக்காத நான் இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? மகனுக்குக் காலம் கடந்துவிட்டதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மிரட்டல் இன்னும் வருகிறது என்றால், கடன் கொடுத்தது அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தானா என்று தெரியும் வரை மேற்கொண்டு பணம் அனுப்ப வேண்டாம். வந்த செய்திகள், அழைத்த எண்கள், பணம் போன விவரங்கள் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். புகாரை உங்கள் மகனே பேசிப் பதியட்டும். உங்கள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். செயலி வழிக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதிகள் வகுத்திருக்கிறது. அவற்றின்படி, இத்தகைய கடனை வங்கியோ அங்கீகாரம் பெற்ற நிதி நிறுவனமோ வாங்குபவரின் கணக்கில் நேரே வரவு வைக்க வேண்டும். வாங்குபவரின் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி எடுக்கவே கூடாது. “உன் போனில் இருக்கிற எல்லோருக்கும் செய்தி அனுப்புவோம்” என்று யாராவது சொன்னால், சொல்பவர்தான் விதியை மீறுகிறார் என்பதை உங்கள் மகனுக்கு நன்றாக எடுத்துச் சொல்லுங்கள். அவமானத்துக்குப் பயந்துதான் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எட்டாம் வகுப்புதான் படித்தவள் என்று உங்களைக் குறைத்து எழுதியிருக்கிறீர்கள். 3,200 ரூபாயைக் கொடுத்துவிட்டு ஒரு வாரத்தில் 5,000 கேட்டால், வட்டி மட்டும் 1,800. நூறு ரூபாய்க்கு 56 ரூபாய்க்கு மேல், அதுவும் ஒரே வாரத்துக்கு. மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், வருஷத்துக்கு 36 என்று நம் பக்கத்துப் பெண்கள் மனக்கணக்காகச் சொல்வார்கள். ஐம்பதாயிரம் வாங்கினால் மாதம் 1,500 வட்டிக்கே போய்விடும் என்று யோசித்து, நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைப்பதா, வெளியில் வாங்குவதா என்று முடிவு செய்வார்கள். அந்த யோசனை உங்களுக்கு உண்டு. வகைநுண்கணிதம் போடத் தெரிந்த உங்கள் மகனுக்கு அது ஏன் வரவில்லை? கணக்கு அவனுக்குத் தெரியும். ஆனால் வீட்டில் கடனைப் பற்றிப் பேச்சு எழுந்தபோதெல்லாம் “நீ உள்ளே போய்ப் படி” என்று அவன் அனுப்பப்பட்டிருப்பான் என்றே நினைக்கிறேன். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலிருந்து என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் இதுதான் வழக்கம். அன்பினால் ஏற்பட்ட வழக்கம் அது. ஆனாலும் பிள்ளைகளை வெறுங்கையோடு வெளியூருக்கு அனுப்பிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் பள்ளிகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில் வாழ்க்கைத் திறன்களின் அடிப்படையாகப் பத்தைக் குறிப்பிட்டது. முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், ஆராய்ந்து சிந்தித்தல், புதிதாகச் சிந்தித்தல், தெளிவாகப் பேசுதல், உறவுகளைப் பேணுதல், தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்பவை அவை. சமைப்பதும் துணி துவைப்பதும் வங்கிப் படிவம் நிரப்புவதும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை வேண்டாதவை என்று பொருளில்லை. ஒரு மாதம் பழகினால் யாருக்கும் வந்துவிடும். உங்கள் மகனுக்குத் தேவைப்பட்டு, கிடைக்காமல் போனவை வேறு: பணம் போதவில்லை என்று வீட்டில் வாய்விட்டுக் கேட்பது, ஒரு சலுகையைப் பார்த்ததும் இதில் அவர்களுக்கு என்ன லாபம் என்று எண்ணிப் பார்ப்பது, முதல் தவறு நடந்ததும் அதை மறைக்க இரண்டாவது தவறைச் செய்யாமல் நிறுத்திக்கொள்வது. இவற்றை யாரும் உபதேசமாகச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உண்மையான ஒரு காரியத்தில், உண்மையான பணமும் உண்மையான மனிதர்களும் இருக்கும் இடத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கப் பழகினால்தான் படியும்.

அத்தகைய காரியங்களுக்கு விவசாயக் குடும்பத்தில் பஞ்சமே இல்லை. சம்பா அறுவடையை எடுத்துக்கொள்ளுங்கள். வயல் காய்ந்திருந்தால் டயர் வைத்த அறுவடை வண்டி போதும், ஈரமாக இருந்தால் பெல்ட் வண்டிதான் இறங்கும், அதற்கு மணி வாடகை கூடுதல். இரண்டு நாள் பொறுத்தால் வயல் காயலாம், ஆனால் வானிலை அறிக்கையில் மழை என்கிறார்கள். அறுத்து முடித்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து ஈரப்பதக் கருவியில் போட்டுப் பார்க்கிறார்கள். 17 விழுக்காட்டுக்குள் இருந்தால் எடுப்பார்கள். கூடினால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். களத்தில் இடம் இல்லை, தார்ப்பாய் கிழிந்திருக்கிறது, மேகம் கறுக்கிறது. இரண்டு நாள் காத்திருந்து அரசு விலைக்குப் போடுவதா, இன்றே தனியார் வியாபாரிக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்பதை அன்று மாலைக்குள் முடிவு செய்தாக வேண்டும். வரிசையில் முன்னால் நிற்பவரிடம் பேச வேண்டும், பணியாளரிடம் கோபப்படாமல் நியாயம் கேட்க வேண்டும், 40 கிலோ சிப்பம் எத்தனை ஏறியது என்று எண்ண வேண்டும், வங்கிக் கணக்கில் பணம் வந்ததும் ரசீதோடு ஒப்பிட வேண்டும். அந்தப் பத்துத் திறன்களில் குறைந்தது எட்டு இந்த ஒரு நாளில் வேலைக்கு வந்துவிடுகின்றன. உங்கள் கணவர் இவற்றையெல்லாம் ஆண்டுதோறும் செய்கிறார். திறன் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். உங்கள் மகளோ அந்த நேரத்தில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நெருக்கடி மேலாண்மை பற்றிய பாடத்தைக் கூட மனப்பாடம் செய்துகொண்டிருக்கலாம்.

ஆகவே அவளைச் சேற்றில் இறக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அறுவடைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை அப்பாவோடு கொள்முதல் நிலையத்துக்குப் போய்வரட்டும், அவ்வளவு போதும். ஆனால் வெறுமனே நின்று பார்த்துவிட்டு வரக்கூடாது. நோட்டும் பேனாவும் அவள் கையில் இருக்கட்டும். ஏக்கருக்கு விதை, உழவு, நடவுக் கூலி, உரம், மருந்து, அறுவடை வண்டி வாடகை என்று போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று அவளே எழுதிக் கூட்டட்டும். கூட்டி முடித்ததும் வரும் கேள்விகளுக்குத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லுங்கள். தன் கல்லூரிக் கட்டணம் எத்தனை மூட்டை நெல் என்று ஒருமுறை கணக்குப் பார்த்த பிள்ளைக்குச் சிக்கனத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்காது.

அடுத்த சம்பாவுக்குப் பயிர்க் காப்பீட்டை அவளிடமே ஒப்படையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (என்ன பயிர் என்பதற்கான சான்று) வாங்குவது, சிட்டா (நில உரிமை விவரம்) எடுப்பது, ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சரிபார்ப்பது, பொது சேவை மையத்தில் பதிவு செய்து ரசீது வாங்கி அதில் சர்வே எண் சரியா என்று படித்துப் பார்ப்பது என இதில் நாலைந்து படிகள் உண்டு. சம்பாவுக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு, கெடு பெரும்பாலும் நவம்பர் 15. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்த மாவட்டங்கள் நம்முடையவை. ஒரு தாளைக் கெடுவுக்குள் கொடுப்பதற்கும் கொடுக்காமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் என்ன என்பது நம் பிள்ளைகளுக்குப் புத்தகத்தைவிட வீட்டில் எளிதாக விளங்கும்.

பொறுப்பை எப்படிக் கைமாற்றுவது என்பதில்தான் பல பெற்றோர் தடுமாறுகிறார்கள். முதல் முறை நீங்கள் செய்வதை அவள் பார்க்கட்டும். அடுத்த முறை அவள் செய்ய நீங்கள் உடன் இருங்கள். மூன்றாம் முறை நீங்கள் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். இந்த மூன்றாம் முறையைத்தான் பலர் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார்கள். தவறு நேர்ந்தால் தாங்கக்கூடிய தொகையை முன்பே மனத்துக்குள் தீர்மானித்துக்கொண்டால் கை நடுங்காது. மாதத்துக்கு மளிகைச் செலவு இவ்வளவு என்று அவள் கையில் கொடுத்து, அது 24ஆம் தேதியே தீர்ந்துபோனால், உடனே அஞ்சறைப்பெட்டியில் ஒளித்துவைத்திருக்கும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். மீதி நாட்களை எப்படி ஓட்டலாம் என்று அவளையே கேளுங்கள். ரசத்தோடும் துவையலோடும் ஒரு வாரம் போனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. உங்கள் மகனுக்கு 19 வயதில் கோயம்புத்தூரில் நேர்ந்த பணத்தட்டுப்பாடு, 16 வயதில் உங்கள் அடுப்படியில் ஒருமுறை நேர்ந்திருந்தால், அதற்கு ஒரு வழி உண்டு என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். மின்கட்டணத்தையும் அவளிடம் விடலாம்: இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் இலவசம், அதற்கு மேல் எந்தப் படியில் கட்டணம் கூடுகிறது என்று அட்டையைப் பார்த்து அவளே கண்டுபிடிக்கட்டும். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. மகளுக்கு இன்னும் இல்லையென்றால் இந்த வாரமே போங்கள். படிவத்தை அவள் நிரப்பட்டும், கவுன்ட்டரில் அவளே பேசட்டும். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் எந்தக் காலத்திலும் தேவையில்லை, பணம் போவதற்குத்தான் அது வேண்டும் என்ற ஒரு விஷயத்தை அவளுக்குச் சொல்லிவையுங்கள். பெரும்பாலான ஏமாற்று வேலைகள் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். வீட்டுக் கணக்கைக் காட்டுவது வேறு. வீட்டுப் பாரத்தைப் பிள்ளையின் தலையில் இறக்குவது வேறு. “உன்னைப் படிக்கவைக்கத்தான் இவ்வளவு கடன், நீ தேறாவிட்டால் நாங்கள் என்ன ஆவது” என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், பணம் வேண்டும் என்று கேட்பதையே குற்றமாக நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் மகன் ஏன் கூச்சப்பட்டான் என்று நீங்கள் யோசிக்கும்போது, இப்படி ஏதும் வீட்டில் அடிக்கடி சொல்லப்பட்டதா என்பதையும் நினைத்துப் பாருங்கள். கடன் இவ்வளவு, அதை அடைப்பது எங்கள் பொறுப்பு, எப்படி அடைக்கிறோம் என்று நீ தெரிந்துகொள் என்று சொல்வது பிள்ளைக்குப் பலம் தரும்.

இதோடு சேர்த்து, பேசும் திறனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டு நிகழ்வின் வேர் அங்கேதான் இருக்கிறது. என்னிடம் வரும் கல்லூரி மாணவர்களை, வீட்டில் சொல்லப் பயப்படும் செய்தியை என்னிடமே அப்பாவிடம் சொல்வதுபோல் சொல்லிப்பார்க்கச் சொல்வேன். முதல் தடவை தொண்டை அடைக்கும், சிரிப்பு வரும், பாதியில் நிற்கும். “அப்பா, ஒரு தப்பு பண்ணிட்டேன், முழுசாக் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க” என்ற ஒரு வாக்கியத்தை நாலைந்து தடவை வாய்விட்டுச் சொன்ன பிறகு, அது சொல்லக்கூடிய வாக்கியம்தான் என்று அவர்களுக்கே தெரியவரும். நண்பன் பீர் பாட்டிலை நீட்டும்போது மறுப்பதற்கும், விருப்பமில்லாத காதலை மரியாதையாக மறுப்பதற்கும், போட்டோ அனுப்பச் சொல்லும் ஒருவனைத் தடுப்பதற்கும் இதே பழக்கம்தான் தேவை. மறுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும், மறுக்கும் சொல் வாயில் பழகியிராததால் சம்மதித்துவிடும் பிள்ளைகளே அதிகம். உங்கள் பங்கு வேறு ஒன்று. பிள்ளை ஒரு கெட்ட செய்தியைச் சொன்ன முதல் நிமிடத்தில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் அடுத்த செய்தியைச் சொல்வதா வேண்டாமா என்று அது முடிவு செய்கிறது. அந்த ஒரு நிமிடம் தலையில் அடித்துக்கொண்டு அழாமல், “சொன்னது நல்லது, இனி என்ன செய்யலாம்” என்று கேட்டுவிட்டீர்கள் என்றால், மீதிக் கோபத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

உடலைக் காக்கும் பழக்கங்களில் எதையும் விட்டுவிடக் கூடாது என்றாலும், நம் ஊருக்கு நீச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேட்டூர் திறந்து நீடாமங்கலம் மூணாறு தலைப்பிலிருந்து பாமணியாற்றிலும் கோரையாற்றிலும் தண்ணீர் பிரிந்து வரும் நாடு இது. ஆனால் வேனில் ஏறிப் பள்ளிக்குப் போய் டியூஷன் முடித்து இருட்டிய பிறகு வரும் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நீரில் மூழ்கும் சாவுகளைத் தடுக்கப் பள்ளி வயதிலேயே நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. ஒருவர் மூழ்கும்போது தண்ணீரில் குதிக்காமல் கயிறு, கழி, சேலை, துண்டு எதையாவது நீட்டி இழுக்க வேண்டும் என்பதை மகனுக்கும் மகளுக்கும் சொல்லுங்கள். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போகும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. சிலிண்டர் கசிந்தால் ரெகுலேட்டரை மூடி, சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறப்பது, வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுப்பது, தீப்புண்ணை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது ஆகியவை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லி முடியக்கூடியவை. சமையல் மகனுக்கும், வங்கி மகளுக்கும் கட்டாயம், மாற்றிச் சொல்லவில்லை.

உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு நாளை இன்னொரு இடத்திலும் இந்தப் பயிற்சி கைகொடுக்கும். நம் பகுதியிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போகாத தெருவே கிடையாது. கணினி வேலை என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அழைத்துப்போய், கம்போடியாவிலும் மியான்மரிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கவைக்கப்பட்ட தமிழ் இளைஞர்களின் கதைகளைச் சில ஆண்டுகளாகச் செய்திகளில் பார்க்கிறோம். அவர்களில் பட்டதாரிகளும் உண்டு. ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா, விசா என்ன வகை, பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டும்தானே, நீங்கள் ஏன் இரண்டு லட்சம் கேட்கிறீர்கள் என்று நிமிர்ந்து கேட்க, கொள்முதல் நிலையத்தில் நியாயம் கேட்டுப் பழகிய வாய் வேண்டும்.

பள்ளியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2022 மார்ச் 1ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் வேலைக்கான திறன்களையும் வழிகாட்டலையும் மாணவர்களிடம் கொண்டுபோகிறது. நாட்டு நலப்பணித் திட்ட முகாம் இருந்தால் மகளைத் தயங்காமல் அனுப்புங்கள். ஆனால் ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு ஆசிரியரால் தர முடியாததை, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் உங்களால் தர முடியும்.

உங்கள் கணவரோடு இதற்காக வாதாட வேண்டாம். தான் பட்ட பாட்டைப் பிள்ளை படக்கூடாது என்பதுதான் அவருடைய பேச்சின் அடியில் இருப்பது. அந்த எண்ணத்தை மதித்தே பேசுங்கள். மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று அவர் அஞ்சினால், வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இதற்கு வேண்டியதில்லை, தேர்வு மாதத்தில் அதுவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மகளுக்குக் கொள்முதல் நிலையத்தைக் காட்ட அவரைவிடத் தகுந்தவர் வேறு யாரும் இல்லை என்பதையும் சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

மகனுக்குக் காலம் கடந்துவிடவில்லை. முன்யோசனைக்கும் தன்னடக்கத்துக்கும் பொறுப்பான மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. 19 வயது கற்றுக்கொள்ள ஏற்ற வயதுதான். இந்தக் கடனை நீங்கள் மொத்தமாக அடைத்துவிட்டு, செல்போனையும் பிடுங்கிவைத்துக்கொண்டால், அவன் கற்றுக்கொள்வது ஒன்றும் இருக்காது. பொங்கல் விடுமுறைக்கு வரும்போது மூவரும் உட்கார்ந்து, விடுதியில் மாதம் உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தொகையை உங்களால் அனுப்ப முடியுமா, முடியாவிட்டால் எதைக் குறைப்பது என்று சேர்ந்து முடிவு செய்யுங்கள். மாதம் ஒருமுறை அவன் கணக்கை அப்பாவுக்குச் சொல்லட்டும். அப்பாவும் வீட்டுக் கணக்கை அவனுக்குச் சொல்லட்டும். தூக்கமின்மை, சாப்பிடாமல் இருப்பது, வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே அடைந்துகிடப்பது, நான் இருந்து என்ன பயன் என்ற பேச்சு இவற்றில் எதைக் கண்டாலும் விடுமுறைக்காகக் காத்திருக்காமல் நேரில் போய்ப் பாருங்கள். இரவென்றாலும் பகலென்றாலும் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். அந்த எண்ணை இப்போதே அவன் போனிலும் உங்கள் போனிலும் பதிந்துவையுங்கள்.